பெயர் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம்



கொஞ்சம் நீளமான பதிவு. சந்தா லிஸ்ட், மார்க்ஸ் லிஸ்ட், நிவாரண லிஸ்ட் என்று எக்செல்லில் ஏதாவது ஒன்றை வைத்திருப்பவர்கள் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். மற்றவர்கள் என் வெட்கக்கேட்டை அறிந்துகொள்வதற்காகவாவது வாசிக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இரண்டு தம்பிமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உலர் உணவுப் பொதி கொடுப்பதற்காக வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியல் அவர்கள் போனில் இருக்கிறது. பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர், போன் நம்பர். "சேர், பேர் வரிசைக்கு மாத்தினோம். இப்ப யாருக்கு கோல் எடுத்தாலும் வேற வீட்டு ஆள் பேசுறாங்க" என்றான் ஒருவன். மற்றவனுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே பிழையை 34 பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் செய்தவன் நான். இதுவரை வகுப்பறைக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்கு வகுப்பாசிரியராக இருந்தேன். தவணைப் பரீட்சை முடிந்து, பாட ஆசிரியர்கள் கொடுத்த புள்ளிகளை எல்லாம் என் லெப்டொப்பில் ஏற்றினேன். இடது பக்கம் வரவு இலக்கம், சேர்விலக்கம், பெயர். வலது பக்கம் ஒன்பது பாடங்களின் புள்ளி, மொத்தம், சராசரி, நிலை. அச்செடுத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று, பெயருக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு நிரலை வெறுமையாக விட்டு ஒடுக்கி வைத்தேன். அந்த ஒடுக்கமான வெற்று நிரலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வரவுப் பதிவேட்டில் பெயர்கள் பிள்ளைகள் சேர்ந்த ஒழுங்கில் இருந்தன. அறிவித்தல் பலகையில் ஒட்டும் பட்டியல் பெயர் வரிசையில் இருந்தால் தேட இலகு என்று பாடசாலையில் சொன்னார்கள். நியாயமான பேச்சு. பெயர் நிரலில் ஒரு கலத்தில் கிளிக் செய்தேன், வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். கண் இமைக்கும் நேரத்தில் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக நின்றன. சேவ் பண்ணி மூடினேன். அடுத்த நாள் அந்த அச்சுப் பிரதியைப் பார்த்தே 34 தேர்ச்சி அறிக்கைகளையும் கைப்பட எழுதிக் கொடுத்தேன்.

முதலில் வந்தவன் ஒரு பையன். இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினான். "என்னடா?" என்றேன். "சேர், கணக்குக்கு 84 போட்டிருக்கீங்க. நா பாஸாகவே மாட்டேன் சேர்." கணித ஆசிரியரின் தாளை எடுத்துப் பார்த்தேன். அவனுக்கு 27. எழுதும்போது கை தவறியிருக்கும் என்று நினைத்து, "சரி, திருத்தித் தாறேன், போ" என்று அனுப்பிவிட்டேன். ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அது ஒரே ஒரு பிழைதான் என்று நம்புவது மனிதப் புத்தி.

அடுத்த நாள் ஒரு தாய் வந்தார். மலையில் வேலை முடியும் முன்பே இறங்கி வந்திருந்தார், அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான். மகளுக்குக் கணிதத்தில் 31. அந்தப் பிள்ளை 80க்குக் கீழே வாங்கி நான் பார்த்ததில்லை. "புள்ள ரெண்டு நாளா பேசல சேர். தப்பு அவ மேலதான்னு நெனச்சிக்கிட்டு இருக்கா" என்றார். பிறகு கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார். "மடுவத்துல கொழுந்து நிறுக்கிறப்ப ஏம் பேருக்கு நேரா அடுத்தவ கிலோவ எழுதுனா நா சும்மா எறங்கி வந்துருவேனா சேர்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வேறு இரண்டு பிள்ளைகளின் தாளை எடுத்து ஒப்பிட்டேன். இரண்டும் பிழை. வயிற்றுக்குள் என்னவோ செய்தது. "அம்மா, பிழை பிள்ளையோடது இல்ல, என்னோடது. நாளைக்குள்ள திருத்திடுவேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அன்றிரவு வீட்டில் மேசையில் எல்லாத் தாள்களையும் பரப்பி, புதிதாக ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினேன். பதினொன்றரை மணி வரைக்கும் 19 பிள்ளைகள்தான் முடிந்திருந்தது. தேநீர் கொண்டுவந்து வைத்த மனைவி ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாருக்குமே பிழையா, இல்ல யாருக்காவது சரியா இருக்கா?" அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்பது பாடமும் அப்படியே சரியாக இருந்தது. ஏன் அந்த இருவருக்கு மட்டும்? இருவருடைய வரவு இலக்கத்தையும் பார்த்தேன். வரவுப் பதிவேட்டில் எத்தனையாவது இடமோ, பெயர் வரிசையிலும் தற்செயலாக அதே இடம்.

அப்போதுதான் விளங்கியது. புள்ளிகள் அசையவே இல்லை. அவை வரவுப் பதிவேட்டின் ஒழுங்கிலேயே நின்றன. பெயர்கள் மட்டும் எழும்பி இடம் மாறி உட்கார்ந்திருந்தன. பெயர் வரிசையில் அந்தப் பையன் 12ஆவது. வரவு இலக்கம் 12 அந்தத் தாயின் மகள். அவளுடைய 84 இவன் பெயருக்கு நேரே. அவளோ பெயர் வரிசையில் 21ஆவது, அங்கே நின்றது 21ஆம் இலக்கப் பிள்ளையின் 31.

ஏன் இப்படி நடந்தது? ஒரு கலத்தில் மட்டும் கிளிக் செய்து வரிசைப்படுத்தச் சொன்னால், எதுவரைக்கும் அட்டவணை என்பதை எக்செல் தானாகவே ஊகித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் பார்க்கும். முழுக்க வெறுமையான ஒரு நிரலோ நிரையோ எதிர்ப்பட்டால் அதோடு அட்டவணை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். நான் அழகுக்காக விட்ட வெற்று நிரல் அதற்கு ஒரு மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு அட்டவணை, அந்தப் பக்கம் இன்னொன்று. இந்தப் பக்கத்தை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு வேலை முடிந்தது என்றது. எச்சரிக்கை ஒன்றும் வராது. அதன் கணக்கில் பிழையே நடக்கவில்லை.

எச்சரிக்கை வருகிற சந்தர்ப்பம் வேறு. பெயர் நிரலை மட்டும் முழுதாகத் தெரிவுசெய்து, பக்கத்தில் ஒட்டியபடி வேறு தரவும் இருந்தால், ஒரு பெட்டி தோன்றி, பக்கத்தில் உள்ளதையும் சேர்க்கட்டுமா, தெரிவுசெய்ததை மட்டும் மாற்றட்டுமா என்று கேட்கும். வாசிக்காமல் இரண்டாவதை அழுத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டியல் என்று இருந்தால், முதலாவதுதான்.

திருத்துவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? பத்து விநாடி. வரவு இலக்கம் பெயரோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. இடது பக்கத்தை வரவு இலக்கப்படி 1 முதல் 34 வரை ஏறுவரிசையில் மீண்டும் அடுக்கினேன். ஒவ்வொரு பெயரும் தன் புள்ளிக்கு நேரே வந்து நின்றது. நான்கு ஐந்து தாள்களோடு ஒப்பிட்டேன், எல்லாம் சரி. அதன் பிறகு அந்த வெற்று நிரலை அழித்துவிட்டு மறுபடி பெயர் வரிசைப்படுத்தினேன். இந்த முறை புள்ளிகளும் கூடவே போயின. அந்த 19 பிள்ளைகளுக்குத் தட்டச்சுச் செய்தது வீண்.

எண் நிரல் இல்லாமல் வெறும் பெயரும் புள்ளியும் மட்டும் வைத்திருந்தால்? ஃபைலை மூடிவிட்டதால் பின்னால் போகும் வழியும் இல்லை. விடிய விடியத் தட்டச்சுதான். அன்றிலிருந்து நான் எந்தப் பட்டியலைத் தொடங்கினாலும் முதல் நிரலில் 1, 2, 3 என்று நிரந்தரமாக ஒரு எண் போட்டுவிடுவேன். எத்தனை தடவை கலைத்து அடுக்கினாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய ஒழுங்குக்குத் திரும்பி வரலாம்.

அடுத்த நாள் வகுப்பில் நின்று நடந்ததை அப்படியே சொன்னேன். 32 அறிக்கைகளைச் சிவப்பு மையால் வெட்டித் திருத்தி, ஒவ்வொன்றிலும் அதிபரின் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பையனுடைய 84ஐ வெட்டி 27 என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. அவன் தன் வாயால் வந்து சொல்லியிராவிட்டால் நானாகக் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம். அந்தப் பெண்பிள்ளை திருத்திய அறிக்கையை வாங்கி, இரண்டு தடவை பார்த்து, பைக்குள் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளை நான் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே கணினி அறையில் அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்தி மகிழ்ந்தவன் நான். அது உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது யோசித்ததில்லை. நம் ஊரில் சோர்ட்டிங் என்றால் பக்டரியில் தூளைச் சலித்து பிஓபி வேறு, டஸ்ட் வேறு என்று பிரிப்பதுதான் முதலில் மனதில் வரும். சல்லடையில் ஒவ்வொரு துணுக்கும் தனி ஆள். எது எங்கே விழுந்தாலும் பக்கத்துத் துணுக்குக்கு ஒன்றும் ஆகாது. அட்டவணை அப்படி இல்லை. படுக்கையாக ஓடும் ஒரு நிரை ஒரு பிள்ளை. பெயர், பிறந்த திகதி, கணிதப் புள்ளி எல்லாம் அந்தப் பிள்ளையின் உடம்பு. நகர்ந்தால் முழு நிரையும் நகர வேண்டும்.

இது என் போன்ற தோட்டத்து வாத்தியாரின் பிழை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று மரபணுக்களை வைத்து முன்கூட்டியே சொல்லலாம் என 2006இல் ஒரு ஆய்வு பெரிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர்கள் அந்தத் தரவைத் துருவிப் பார்த்தார்கள். பட்டியலில் மரபணுப் பெயர்கள் தங்கள் தரவுக்கு நேராக இல்லாமல் ஒரு நிரை விலகி நின்றதைக் கண்டுபிடித்து, வேறு பிழைகளோடு சேர்த்து 2009இல் வெளியிட்டார்கள். அதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளைச் சேர்த்துப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. 2010இல் அவை நிறுத்தப்பட்டன, 2011இல் ஆய்வுக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. ஒரே ஒரு நிரை விலகல்.

பட்டியலில் பெயர் பிசகினால் என்ன ஆகும் என்று மலையக மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

இனி, அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வேறு சில.

பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் புள்ளிக் கலத்தில் 'ஏபி' என்று போடுவது வழக்கம். கூடியதிலிருந்து குறைந்ததுக்கு இறங்குவரிசையில் அடுக்கிப் பாருங்கள். 98 வாங்கிய பிள்ளைக்கும் மேலே, முதலாவதாக, வராத பிள்ளை நிற்கும். எக்செல்லின் ஏறுவரிசையில் எண்கள் முன்னால், எழுத்துகள் பின்னால். இறங்குவரிசையில் அது தலைகீழாகும். வெறும் கலம் மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசிக்கே போகும். ஆகவே வராதவரின் புள்ளியை வெறுமையாக விட்டு, 'வரவில்லை' என்பதை ஒரு குறிப்பு நிரலில் எழுதுகிறேன்.

இதே காரணத்தால்தான் சில வேளை 100 வாங்கியவர் 27க்கு முன்னால் வந்து நிற்பார். அந்த 100, 27 இரண்டும் எண்ணாக அல்லாமல் எழுத்தாகப் பதிந்திருக்கும். எழுத்து என்றால் அகராதி மாதிரி முதல் குறியைத்தான் பார்க்கும், 1 முன்னால், 2 பின்னால். கலத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தால் கவனியுங்கள்.

லயன் வீட்டு இலக்கமும் இப்படித்தான். 5ஆம் லயன், 12ஆம் வீடு என்று 5/12 அடித்தால் எக்செல் அதை ஒரு திகதியாக்கிவிடும். பிறகு வரிசைப்படுத்தினால் வீடுகள் மாத ஒழுங்கில் நிற்கும். தட்டச்சுச் செய்ய முன்பே அந்த நிரலை எழுத்து வகைக்கு மாற்றிவிட வேண்டும். மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே இந்தத் தொல்லை தாங்காமல், திகதி மாதிரித் தோன்றும் சில மரபணுக்களின் பெயர்களை மாற்றிவிட்டு 2020இல் அறிவித்தது. எக்செல் மாறும் என்று காத்திருக்க அவர்களுக்கும் பொறுமை இல்லை.

நிலை போடும்போது ஒரு அநியாயம் நடக்கும். மொத்தப் புள்ளிப்படி அடுக்கிவிட்டு மேலிருந்து 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போகிறோம். இரண்டு பேருக்கு ஒரே மொத்தம் என்றால்? முன்பு எந்த ஒழுங்கில் நின்றார்களோ அதே ஒழுங்கில்தான் எக்செல் அவர்களை விட்டுவைக்கும். முன்பு பெயர் வரிசையில் இருந்திருந்தால் அமுதா 5ஆம் நிலை, வசந்தா 6ஆம் நிலை. வசந்தா செய்த குற்றம் அவளுடைய பெயர் 'வ'வில் தொடங்குவது. நிலைக்கென்று 'ரேங்க்' சூத்திரம் இருக்கிறது. அது இருவருக்கும் 5 கொடுத்து, அடுத்த பிள்ளைக்கு 7 கொடுக்கும்.

தமிழ் எழுத்து ஒழுங்குக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், யாருக்காவது அலுப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள். பழைய பட்டியல்கள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் நமக்குத் தெரிவது தமிழ். உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில விசை. பாமினியில் 'ய'வுக்கு ஆங்கிலத்தின் முதல் எழுத்து, 'ந'வுக்கு ஐந்தாவது, 'க'வுக்கு ஆறாவது, 'அ'வுக்குப் பதின்மூன்றாவது. வரிசைப்படுத்தினால் யமுனா, நந்தினி, கமலா, பவானி, தர்ஷினி, மலர் என்று வந்து அதற்குப் பிறகுதான் அமுதா. கோமதி கமலாவுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாள், ஏனென்றால் அவள் பெயர் பாமினியில் 'க'வில் அல்ல, அதற்கு முன்னால் அடிக்கும் இரட்டைக் கொம்பில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் இதைப் பார்த்து, கணினிக்கு வைரஸ் பிடித்துவிட்டது என்று நான் முடிவுகட்டியதுண்டு.

யூனிகோட் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ நல்லது. ஆனாலும் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் சின்னச் சின்னப் பிசகு இருக்கும். நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி எழுத்து. யூனிகோட்டில் அது 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. ஆகவே கமலாவுக்குப் பிறகு வரவேண்டிய கனகா முன்னால் நிற்பாள். இரண்டு பெயரையும் அடித்து வரிசைப்படுத்திப் பாருங்கள், உங்கள் போனுக்கோ லெப்டொப்புக்கோ தமிழ் ஒழுங்கு தெரியுமா என்பது உடனே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுப் பெயர்களுக்கு வேறொரு கூத்து. ஒரே வகுப்பில் மூன்று பாத்திமா. ஒருத்தி பாத்திமா, ஒருத்தி பாதிமா, ஒருத்தி ஃபாத்திமா. பிறப்புச் சான்றிதழில் எப்படியோ அப்படித்தான் எழுத வேண்டும், நாம் மாற்ற முடியாது. யூனிகோட் எண்ணில் ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால். ஆகவே ஃபாத்திமா பட்டியலின் உச்சியில், அமுதாவுக்கும் மேலே. நெடுங்கணக்குப்படி பார்த்தாலும் அவள் ஔவுக்குப் பிறகு, ககரத்துக்கு முன்னால்தான், மற்ற இருவரோடு சேரமாட்டாள். பெயரைத் தேடும்போது 'ப'வில் காணவில்லை என்றால் பிள்ளை விடுபட்டுவிட்டாள் என்று முடிவெடுக்காதீர்கள், மேலேயும் ஒருமுறை பாருங்கள். முதலெழுத்தை முன்னால் போட்டு 'எம்.', 'எஸ்.' என்று தொடங்கினாலும் இதே கதை, வரிசை தகப்பன் பெயருக்குத்தான் நடக்கும். முதலெழுத்துக்கு ஒரு நிரல், பெயருக்கு ஒரு நிரல் என்று பிரித்துவிடுங்கள்.

சரி, தம்பிமாரின் பட்டியல். அவர்கள் செய்ததும் நான் செய்ததுதான். பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து, அந்த அளவுக்கு மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கூகுள் ஷீட்டில் முழுத் தாளையும் வரிசைப்படுத்துவது வேறு, தெரிவுசெய்த பகுதியை மட்டும் வரிசைப்படுத்துவது வேறு. முழுத் தாள் என்றால் தலைப்பு நிரையை முதலில் ஃப்ரீஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் 'பெயர்' என்ற சொல்லும் ஒரு ஆள் மாதிரி 'ப'வில் போய் நிற்கும். இன்னொன்று, அது எல்லாரும் சேர்ந்து பாவிக்கும் தாள். ஒருவர் வரிசையை மாற்றினால் எல்லாருடைய போனிலும் மாறும். தனக்கு மட்டும் மாற்றிப் பார்க்க ஃபில்டர் வியூ இருக்கிறது.

அவர்களிடம் எண் நிரல் இல்லை. ஆனால் கூகுள் ஷீட் பழைய பதிப்புகளை வைத்திருக்கும். வரலாற்றுக்குள் போய், வரிசை மாற்றுவதற்கு முந்தைய நாள் பதிப்பை எடுத்தோம். அதற்குப் பிறகு சேர்த்த ஏழு வீடுகளை மட்டும் மறுபடி கேட்டு எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு வீட்டில் ஆறு பேர், பிசகிய பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே 2 என்று இருந்தது. பொதி இன்னும் கொடுக்கத் தொடங்கியிருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பட்டியல் வைத்திருக்கும் வேறு யாரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். வருவதற்கு முன் தயவுசெய்து ஒரு கொப்பி எடுத்து வேறு பெயரில் சேவ் பண்ணி வையுங்கள். நான் தொட்டுவிட்டு மறுபடி எதையாவது கலைத்தால் என் மேல் வழக்கு வேண்டாம்.